கரணை பூத்தபின் கிழங்கைக் காத்தல்

வீட்டுத் தோட்டத்தின் ஓரத்தில், வாழைக்கும் தென்னைக்கும் இடையே, பல ஆண்டுகளாக விடப்பட்ட கரணைக்கிழங்கு சிலவேளைகளில் இலை விடுவதற்குப் பதிலாகப் பூவொன்றை மண்ணுக்கு மேலே தள்ளுகின்றது. கருஞ்சிவப்பு நிறமும் அழுகிய இறைச்சியின் நாற்றமும் உடைய அப்பூ சில நாள்களில் வாடிச் சரிந்துவிடும். அதன்பின் அந்த இடத்தில் எதுவும் தோன்றாதிருப்பதைக் காணும் கமக்காரர், கிழங்கு செத்துவிட்டதென எண்ணி அதனைத் தோண்டி எறிந்துவிடுவதுண்டு. வேறு சிலர், வறட்சியினால் இலை வரவில்லை என எண்ணி, நாள்தோறும் நீரூற்றி நல்ல கிழங்கை அழுகச் செய்துவிடுவதுமுண்டு.

இவ்விரண்டும் தவிர்க்கக்கூடிய நட்டங்களாகும். பூத்த கரணை சாவதில்லை. அது தன் சேமிப்பின் ஒரு பகுதியைச் செலவழித்துவிட்டு, அடுத்த இலைக்காகக் காத்திருக்கின்றது. அந்தச் செலவு எவ்வளவு, அதனை மீட்பது எவ்வாறு என்பவற்றை அறிந்துகொண்டால், பூத்த கிழங்கையும் பயன்தரும் கிழங்காக ஆக்கிக்கொள்ளலாம். அதற்கு உதவுதலே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

1. பூத்தபின் மடியும் பயிர்களும் மடியாப் பயிர்களும்

நெற்பயிர் கதிர் முற்றியபின் காய்ந்துவிடுகின்றது. வாழை குலை தள்ளியபின் அத்தண்டு மடிகின்றது. பக்கக் கன்றுகளே தோட்டத்தைத் தொடர்கின்றன. நம் நாட்டின் தாளிப்பனை பல ஆண்டுகள் வளர்ந்து, ஒரேயொரு முறை பெரும் பூங்கொத்தைத் தாங்கிக் காய்த்து, அத்துடன் முற்றாக மடிந்துவிடுகின்றது. இவற்றைப் பார்த்துப் பழகியவர்களுக்குக் கரணையும் அவ்வாறே மடியும் எனத் தோன்றுதல் இயல்பே.

ஆயினும் கரணை இவ்வகையைச் சேர்ந்ததன்று. அது பல்லாண்டுத் தாவரம். அதன் உயிர் நிலத்தின் கீழுள்ள கிழங்கிலேயே இருக்கின்றது. இலையும் பூவும் அக்கிழங்கிலிருந்து காலத்துக்கேற்ப எழுந்து மறைவன. மண்ணுக்கு மேலே ஒன்றும் தெரியாத காலம் கரணையின் உறக்க காலமாகும்.

2. கரணையின் ஆண்டு

தமிழ்நாட்டில் சேனைக்கிழங்கு என வழங்கும் இப்பயிரின் விஞ்ஞானப் பெயர் அமோர்போபாலசு பேயோனிபோலியசு என்பதாகும். சேம்பும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

மழை தொடங்கும் காலத்தில் கிழங்கின் நடுக் குழியிலுள்ள முளை எழுந்து இலையாக விரிகின்றது. புள்ளிகள் நிறைந்து தண்டுபோல் நிற்கும் பகுதி உண்மையில் தண்டன்று, அது இலைக்காம்பே. குடைபோல் விரிந்திருப்பது பல கூறுகளாகப் பிளவுபட்ட ஓரிலையாகும். சிலவேளை இரண்டாவது இலையும் தோன்றும்.

இலை எழும்போது பழைய கிழங்கிலுள்ள மாப்பொருள் கரைந்து இலைக்கும் வேருக்கும் செலவாகின்றது. பழைய கிழங்கு சுருங்கச் சுருங்க, அதன் மேற்புறத்திலேயே புதிய கிழங்கு உருவாகின்றது. விரிந்த இலை சூரிய ஒளியில் தயாரிக்கும் உணவு இப்புதிய கிழங்கிற் சேர்கின்றது. ஆகவே ஒவ்வோராண்டும் நாம் அகழ்வது சென்ற ஆண்டு நட்ட கிழங்கையன்று. அவ்வாண்டின் இலை கட்டித்தந்த கிழங்கையே. இலை மஞ்சளாகிச் சாய்ந்ததும் கிழங்கு உறங்குகின்றது. நட்டு 8 முதல் 9 மாதங்களில் அறுவடை செய்யப்படுதல் வழக்கம்.

இவ்வாறு ஆண்டுதோறும் அகழப்படும் பயிரிற் பூவைக் காண்பது அரிது. அகழாது விடப்பட்டுப் பெருத்த கிழங்குகளிலேயே, உறக்கம் முடியும் காலத்தில், இலைக்கு முன்னர் பூ எழுகின்றது. களஞ்சியத்தில் மண்ணும் நீருமின்றி வைக்கப்பட்ட பெருங் கிழங்கும் பூப்பதுண்டு. பூவுக்கு வேண்டிய பொருள் முழுவதும் கிழங்கின் சேமிப்பிலிருந்தே வருகின்றது என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

3. பூ விரியும் நாள்கள்

நாம் பூ என அழைப்பது தனிப் பூவன்று, அது பூங்கொத்தாகும். வெளியே மணிபோல் விரிந்திருப்பது பாளை. நடுவே நிற்கும் தடித்த தண்டின் அடியிற் பெண் பூக்களும், அவற்றுக்கு மேலே ஆண் பூக்களும் நெருங்கி அமைந்துள்ளன. உச்சியில் மடிப்புகளுடன் காணப்படும் கருஞ்சிவப்புத் திரளையில் பூக்கள் இல்லை. நாற்றத்தைப் பரப்புவதே அதன் தொழில்.

பூ விரியும் வேளையில் அவ்வுச்சித் திரளை சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாகின்றது. மாப்பொருளை விரைவாக எரிப்பதனாலேயே இவ்வெப்பம் உண்டாகின்றது. வெப்பத்தினால் நாற்றம் தொலைவுவரை பரவ, செத்த பிராணிகளை நாடும் வண்டுகளும் ஈக்களும் அங்கே வந்து சேர்கின்றன.

முதலில் பெண் பூக்களே மகரந்தத்தை ஏற்கத் தயாராகின்றன. ஆண் பூக்கள் மகரந்தத்தை உதிர்க்கும்போது பெண் பூக்களின் ஏற்கும் காலம் கடந்துவிடும். ஆகையால் ஒரு பூங்கொத்து தன் மகரந்தத்தைக் கொண்டு தானே காய்ப்பது எளிதன்று. அயலில் இன்னொரு கரணை ஏறக்குறைய அதே நாள்களிற் பூத்திருந்து, அதன் மகரந்தத்தைப் பூச்சிகள் சுமந்துவந்தாலே காய் பிடிக்கும். தோட்டத்திற் பூக்கும் தனிக் கரணைகளிற் பெரும்பாலானவை காயாது போவதன் காரணம் இதுவே. அதனை நோயெனக் கருதவேண்டியதில்லை.

4. பூ வாடியபின் இரண்டு வழிகள்

பூ விரிந்து சில நாள்களில் உச்சித் திரளை தளர்ந்து சரியும். பாளையும் வதங்கும். இதன்பின் கரணை செல்லக்கூடிய வழிகள் இரண்டு.

முதலாவது வழி, காய் பிடிக்காமை. இதில் பூத்தண்டு முழுவதும் மென்மையாகி, அடியிற் கழன்று விழுந்துவிடும். கிழங்கின் உச்சியில் வட்டமான தழும்பொன்று எஞ்சும். அத்தழும்பின் அருகிலேயே அடுத்த இலைக்கான முளை இருக்கின்றது. அது சில கிழமைகளில் எழலாம். கிழங்கு மேலும் சிலகாலம் உறங்கியபின்னும் எழலாம். இவ்விடைக்காலத்திலேதான் கிழங்கு செத்ததெனத் தவறாகக் கருதப்படுகின்றது.

இரண்டாவது வழி, காய் பிடித்தல். பாளையும் உச்சித் திரளையும் இதிலும் வாடிவிடும். ஆனால் அடிப்பகுதி உறுதியாகவும் பசுமையாகவும் நிற்கும். பூக்கும்போது மண்ணோடு ஒட்டியிருந்த பூத்தண்டு இப்போது நீண்டு வளர்ந்து, காய்க் குலையை மேலே உயர்த்துகின்றது. காய்கள் பச்சையிலிருந்து மஞ்சளும் செம்மஞ்சளுமாகி, முடிவில் நல்ல சிவப்பாகின்றன. இதற்குச் சில மாதங்கள் செல்லும். பழங்களைப் பறவைகள் உண்டு விதைகளைத் தொலைவில் இடுகின்றன. குலை உயர்வதும் நிறம் மாறுவதும் பறவைகளின் கண்ணிற் படுவதற்கேயாகும்.

எவ்வழியெனக் கண்டறிதல் எளிது. பாளை வாடியபின் ஏறக்குறைய பத்து நாள்கள் பொறுத்து, தண்டின் அடியை மெதுவாகத் தொட்டுப் பார்க்கவும். உறுதியாக இருந்து, பெண் பூக்கள் பருத்துவருமாயின் காய் பிடித்துள்ளது. பஞ்சுபோல் மென்மையாகி நீர் கசியுமாயின் காய் இல்லை.

5. கிழங்குக்கு நேரும் செலவு

பூத்தபின் கிழங்கை எடுத்துப் பார்த்தால் அது முன்னிருந்ததைவிடச் சுருங்கி இருப்பதைக் காணலாம். பூத்தண்டை எழுப்பியதும், பாளையை விரித்ததும், வெப்பத்தை உண்டாக்கியதும் கிழங்கின் மாப்பொருளே. இலை இல்லாத அக்காலத்தில் வரவு எதுவும் இல்லை. செலவு மட்டுமே உண்டு.

காய் பிடிக்காவிட்டால் செலவு பூவுடன் நின்றுவிடும். காய் பிடித்தால், குலை முற்றும் வரையும் கிழங்கு உணவளிக்கவேண்டும். இலையும் பெரும்பாலும் தாமதமாகும். வெங்காயம் பூந்தண்டு விட்டால் குமிழின் தரம் குறைவதைத் தோட்டக்காரர் யாவரும் அறிவர். கரணையிலும் கணக்கு அதுவே. கிழங்கை வேண்டுவோர் பூவை வளரவிடுதல் நட்டமாகும்.

6. சுமாத்திராவின் பெருங் கரணை காட்டும் பாடம்

இக்கணக்கைப் பேரளவிற் காட்டும் தாவரமொன்று நம் கரணைக்கு நெருங்கிய உறவாக உள்ளது. இந்தோனேசியாவின் சுமாத்திராத் தீவுக் காடுகளில் மட்டும் இயற்கையாக வளரும் அமோர்போபாலசு தைத்தானம் என்பதே அது. அந்நாட்டு மக்கள் அதனைப் பிணப்பூ எனப் பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். இத்தாலிய தாவரவியலாளர் ஒடோவார்டோ பெக்காரி 1878 ஆம் ஆண்டில் அதனைக் கண்டு விஞ்ஞான உலகுக்கு அறிவித்தார். தோட்டத்தில் வளர்க்கப்பட்டவற்றுள் அது முதன்முதலாக 1889 இல் இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவிற் பூத்தது. அதன் பூங்கொத்து 3 மீற்றர் உயரத்தையும் எட்டவல்லது. ஆயினும் விரிந்தபின் ஓரிரு நாள்களிலேயே அது சரியத் தொடங்கும்.

இரண்டு நாள் பூவுக்குப் பின்னால் நிற்கும் உழைப்பை எடின்பரோ அரச தாவரவியற் பூங்காவின் கிழங்கொன்றிற் காணலாம். 2003 இல் அங்கு வந்தபோது அது தோடம்பழம் அளவினதாக இருந்தது. 2010 இல் அதன் நிறை 153.9 கிலோகிராம். அது முதன்முறை பூத்ததோ 2015 இலேயே. அதுவரை ஆண்டுக் கணக்கில் இலைகளே மாறிமாறி எழுந்து கிழங்கை நிரப்பின. சுமாத்திராவில் அவ்விலை 6 மீற்றர் உயரம்வரை வளரும்.

பூ முடிந்தபின் அங்கும் நிகழ்வது நாம் மேலே கூறியதே. காய் பிடிக்காதது சரிந்து அழுகும். பிடித்தது செந்நிறக் குலையாக நின்று, இருவாட்சி முதலிய பறவைகளுக்கு உணவாகும். கிழங்கு சிலகாலம் உறங்கி மீண்டும் இலை விடும். செலவழித்ததை இலைகள் திரும்பச் சேர்த்தபின்னரே அடுத்த பூ வரும். அதற்குப் பெரும்பாலும் சில ஆண்டுகள் செல்லும். போன் பல்கலைக்கழகத் தாவரவியற் பூங்காவில் 117 கிலோகிராம் நிறையுள்ள கிழங்கொன்று 2006 இல் ஒரே காலத்தில் மூன்று பூங்கொத்துகளை விட்டது. சேமிப்பு மிகுந்த கிழங்கினாலேயே அவ்வாறு செய்ய இயலும்.

இதிலிருந்து கமக்காரர் பெறும் பாடம் ஒன்றே. கிழங்கைக் கட்டுவது இலை, செலவழிப்பது பூ. பூத்த கிழங்கை மீட்க விரும்புவோர் அடுத்து வரும் இலையைக் காக்கவேண்டும்.

7. கமக்காரர் செய்யவேண்டியவை

அ. மொட்டாக இருக்கும்போது

எழுவது இலையா பூவா என்பதை முதலில் அறியவேண்டும். இலைமுளை மெலிந்து நீண்டு எழும். பூமொட்டு தடித்து, குட்டையாக, அடியிற் பருத்திருக்கும். பூவென உறுதிப்பட்டால், விதை வேண்டாதவர்கள் அது விரியுமுன் கூரிய, சுத்தமான கத்தியினால் வெட்டிவிடலாம். மண்மட்டத்துக்கு மேலே மூன்று விரற்கிடை தண்டை விட்டு வெட்டவும். பிடித்து இழுத்தலும் மண்ணைக் கிளறி அடியோடு அறுத்தலும் கூடா. அருகிலுள்ள இலைமுளை காயப்படும். வெட்டும்போது கையிற் சாறு படாதவாறு பார்த்துக்கொள்ளவும். கரணையிலுள்ள கல்சியம் ஒட்சலேற்று ஊசிகள் தோலை அரிக்கச் செய்யும்.

ஆ. பூ வாடியபின்

வாடிய பாளையையும் உச்சித் திரளையையும் அகற்றி, தூரத்தே கூட்டெருக் குழியில் இடவும். அடியில் எஞ்சும் தண்டு தானாகக் கழலும்வரை விடவும். அழுகிய நீர் கிழங்கின் நடுக் குழியிற் தேங்கலாகாது. மழைக் காலமாயின் சுற்றிலும் சிறு வாய்க்கால் வெட்டி நீரை வடியவிடவும்.

இக்காலத்திற் கிழங்குக்கு வேர் சிறிதே, இலையும் இல்லை. ஊற்றும் நீரை அதனால் உறிஞ்ச இயலாது. ஆகவே மண் ஈரலிப்பாக இருந்தாற் போதுமானது. காய்ந்த இலைகளையோ வைக்கோலையோ மூடுபடையாக இடுதல் நன்று. பசளை இடவேண்டிய காலமும் இதுவன்று.

இ. காய் பிடித்திருந்தால்

கிழங்கையே விரும்புவோர் இளங்காய்க் குலையை வெட்டிவிடலாம். விதையெடுத்துப் பார்க்க விரும்புவோர் குலை முற்றாகச் சிவக்கும்வரை விட்டு, பறவைகள் கொள்ளாதபடி மெல்லிய துணியாற் கட்டவும். பழச் சதையை நீக்கி, கழுவி, வெயிலிற் காயவிடாது உடனே நாற்றுமேடையிற் போடவேண்டும். விதைக் கன்று முதலாண்டிற் சிறு இலையொன்றையே விடும். சமையலுக்கான கிழங்கைப் பெறச் சில ஆண்டுகள் செல்லுமாதலால், வருமானம் கருதுவோருக்கு விதை ஏற்ற வழியன்று. சிவந்த பழம் பிள்ளைகளின் கண்ணைக் கவரும். அதனை வாயில் இடாதபடி காக்கவேண்டும்.

ஈ. இலை எழும்போது

நீரும் பசளையும் வேண்டிய காலம் இதுவே. நன்கு உக்கிய மாட்டெருவையோ கூட்டெருவையோ இலைக்காம்பிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சுற்றிலும் இட்டு, மண் அணைக்கவும். வேர்கள் கிழங்கின் மேற்புறத்திலிருந்தே பரவுவதால் ஆழக் கொத்துதல் கூடாது. களைகளைக் கையாற் பிடுங்குதல் நன்று.

கரணைக்கு உள்ளது ஓரிலை என்பதை மறத்தல் ஆகாது. மிளகாய்ச் செடியில் ஒரு கிளை முறிந்தால் மற்றக் கிளைகள் காய்க்கும். கரணையின் இலைக்காம்பு முறிந்தால் அவ்வாண்டின் வரவு பெரும்பாலும் அதனோடு முடிந்துவிடும். ஆதலால் மாடும் ஆடும் நுழையாதபடி வேலி காக்கவும். கடுங்காற்று வீசும் இடங்களில் தடி நாட்டித் தளர்வாகக் கட்டவும். இலைக்காம்பின் அடியிற் காயம் உண்டானால், மண்ணிலுள்ள இசுக்கிளிரோசியம் என்னும் பங்கசு அவ்வழியே புகுந்து கழுத்தழுகலை உண்டாக்கும். நீர் தேங்கும் நிலத்தில் இந்நோய் கடுமையாகும்.

8. பூத்த கிழங்கை நடுகைக்கு எடுத்தல்

பூத்த கிழங்கைச் சமைத்தலாகாது என்பதில்லை. ஆனால் அதன் நிறையும் மாவும் குறைந்திருக்கும். சந்தையில் விலை குறைந்த அக்கிழங்கை மீண்டும் நடுதலே பயன் தரும்.

வழக்கமாக நடுகைக்கு எடுக்கும் கிழங்குத் துண்டு அரை முதல் ஒரு கிலோகிராம் வரை இருத்தல் நன்று. ஒவ்வொரு துண்டிலும் உச்சி வளையத்தின் ஒரு பகுதி அமைய வெட்டுவர். பூத்த கிழங்கிலோ உச்சிமுளை பூவாகச் செலவாகிவிட்டது. தழும்பின் அருகிலுள்ள முளையே அடுத்த நம்பிக்கை. எனவே பூத்த கிழங்கைத் துண்டாக்காது முழுதாக நடவும். அழுத்திப் பார்த்து மென்மையான இடங்கள் இருப்பின், அவற்றைச் சீவியகற்றி, சாணக் கரைசலில் தோய்த்து, நிழலில் உலர்த்தியபின் நடுதல் வேண்டும்.

குழி நீளத்திலும் அகலத்திலும் 60 சதமமீற்றரும் ஆழத்தில் 45 சதமமீற்றருமாக இருக்கலாம். குழிக்குக் குழி 90 சதமமீற்றர் இடைவெளி போதும். ஒவ்வொரு குழியிலும் 2 முதல் 2½ கிலோகிராம் வரை உக்கிய எருவை மேல்மண்ணுடன் கலந்து இட்டு, முளை மேல்நோக்கி இருக்கும்படி நட்டு மூடவும். பூத்த கிழங்கிலிருந்து முதலாண்டிற் பெரிய விளைவை எதிர்பார்த்தல் தகாது. ஓராண்டு இலை நன்கு நின்றாற் கிழங்கு மீண்டும் நிரம்பிவிடும். அவ்வாண்டின் முடிவில் இலை சாய்ந்ததும் அகழ்ந்துவிட்டால் அது பெருத்து மீண்டும் பூக்கும் நிலையை அடையாது.

9. நினைவிற் கொள்ளவேண்டியவை

1. பூத்த கரணை சாவதில்லை. தோண்டி எறியவேண்டாம்.

2. கிழங்கு வேண்டுமாயின் பூவை மொட்டிலேயே வெட்டவும், இழுத்துப் பிடுங்கவேண்டாம்.

3. பூ வாடிய நாள் முதல் இலை எழும் நாள் வரை நீரைக் குறைக்கவும். பசளை இடவேண்டாம்.

4. காய் பிடிக்காமை நோயன்று. துணைப் பூ அயலில் இல்லாமையே பெரும்பாலும் காரணம்.

5. இலை எழுந்தபின் எருவும் நீரும் இட்டு, அது தானாக மஞ்சளாகிச் சாயும்வரை காக்கவும்.

6. பூத்த கிழங்கை வெட்டாது முழுதாக நடவும்.

கரணை அதிக கவனிப்பு வேண்டாத பயிர். அரிசியும் மரக்கறியும் விலையேறும் மாதங்களில் வேலியோரத்துக் கிழங்கொன்று ஒரு குடும்பத்தின் பல வேளைக் கறிக்கு உதவும். பூத்ததென்று அதனை எறியாது, ஓராண்டு நிழலிலும் எருவிலும் விட்டுவைப்பவர் அடுத்த ஆண்டில் அதன் பயனைக் கையிற் காண்பர். உங்கள் கிழங்கில் அழுகலோ இலையில் நிறமாற்றமோ காணப்படின், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் மாதிரியைக் காட்டி ஆலோசனை பெறவும்.